மூன்று அடுக்குக் கடாயும் முந்திரி அரைத்த கோழியும்: நாலு வருட அனுபவம்

கல்லூரி நண்பன் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் வைத்திருக்கும் அதே ட்ரைப்ளை கடாய், அதே 24 சென்டிமீட்டர், விலையை நன்றாகக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரே வரி: "டேய், நீதான் நாலு வருஷமா இதுல கோழி செய்றியே, வாங்கவா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் அந்தக் கடாயின் அடியைக் கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப்போய், மறுபடி வெந்நீரும் சோடா உப்பும் போட்டு ஊற வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே இண்டக்ஷனுக்கு ஒத்துவரும் ஸ்டீல் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதை விடுங்கள். எனக்கு இந்தக் கடாய் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கோழிதான். காரக் குழம்பு இல்லை. பிள்ளைகள் சப்பாத்தியில் வழித்துச் சாப்பிடுகிற கெட்டிக் கிரேவி. ஒரு கிலோ கோழிக்கு இருபது முந்திரி, ஒரு ஸ்பூன் கசகசா, அரை கப் தயிர், கடைசியில் முதல் தேங்காய்ப்பால். பாக்கெட் கிரீமையும் இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தேன். வழவழப்பு வந்தது, ஆனால் பாயசத்தில் கோழி விழுந்த மாதிரி ஒரு ருசி. விட்டுவிட்டேன்.

இதற்கு முன்னால் நான்ஸ்டிக்தான். அதில் கோழி வேகும், சிவக்காது. பிராய்லர் கோழி விடுகிற தண்ணீரிலேயே வெந்து, வெளிறிப்போய் மிதக்கும். இந்தக் கடாய் வந்த பிறகுதான் ஒரு வித்தை பிடிபட்டது. காலிக் கடாயைச் சூடாக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். சுர்ரென்று ஆவியானால் போதாது. பாதரசக் குண்டு மாதிரி உருண்டு ஓட வேண்டும். அப்புறம் எண்ணெய், அப்புறம் ஈரம் துடைத்த கோழித் துண்டுகள், ஒரு தடவைக்கு ஐந்தாறுக்கு மேல் இல்லை. போட்டதும் பசை போட்டு ஒட்டியது மாதிரி பிடித்துக்கொள்ளும். பயந்துபோய்க் கரண்டியால் பிய்த்தால் தோற்றீர்கள். மூன்று, நான்கு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சிவந்து தானே விடும்.

துண்டுகளை எடுத்த பிறகு அடியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு படலம் இருக்கும். வாங்கிய புதிதில் அதைத் தீய்ந்தது என்று நினைத்து, ஒவ்வொரு வாரமும் கடாயைக் கழுவிவிட்டுத்தான் வெங்காயம் போடுவேன். சாக்கடையில் ஊற்றியதுதான் ருசி என்று தெரிய ஒரு வருடம் ஆனது. இப்போது அதன் மேலேயே வெங்காயத்தைக் கொட்டி உப்புப் போடுகிறேன். வெங்காயம் தண்ணீர் விட, தட்டைக் கரண்டியால் நெருட நெருட, அந்தப் படலம் முழுக்கக் கரைந்து வெங்காயத்தில் ஏறிவிடும். அடி பளிச்சென்று தெரியும்போது வெங்காயம் தேன் நிறத்தில் இருக்கும். மிளகாய்த்தூள் போடாமலே கிரேவிக்கு ஒரு நிறம், ஒரு ஆழம். இந்த ஒன்றுக்காக மட்டும் இந்தக் கடாய்க்குக் கோயில் கட்டலாம்.

கட்டமாட்டேன். ஏனென்றால் அடுத்து முந்திரி விழுது இருக்கிறது.

கோழியைப் பிடித்து ருசி கொடுத்த அதே அடி, முந்திரியையும் பிடிக்கும். இந்தத் தடவை தானே விடாது. விழுது இறங்கியதும் கிரேவி கெட்டியாகி, 'ப்ளப் ப்ளப்' என்று வெடித்து மணிக்கட்டில் தெறிக்கும். அதற்குப் பயந்து ஒரு அடி தள்ளி நிற்கிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். கரண்டி வழுக்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நறநறவென்று தட்டும். அடுப்புச் சுடர் வட்டமாகப் படுகிற இடம்தான் அது. கழுவும்போது பார்த்தால் அச்செடுத்த மாதிரி வளையம் தெரியும். சூடு அடி முழுக்கச் சமமாகப் பரவும் என்று விற்றார்களே, அந்த வளையத்தை அவர்களிடம் காட்ட வேண்டும்.

போன மாதம் வந்திருந்த மாமியார், சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மெதுவாகக் கேட்டார்: "அடி கனமான சட்டி, பிடிக்கவே பிடிக்காதுன்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?" பதில் சொல்ல வாய் வரவில்லை.

நியாயமாகச் சொன்னால் பாதித் தப்பு என்னுடையது. விழுதை நேராகக் கொட்டாமல், தயிரோடு சேர்த்துக் கடைந்து, கடாயிலிருந்தே இரண்டு கரண்டிச் சூடான சாறு எடுத்துக் கரைத்து, கோழி முக்கால் பதம் வெந்த பிறகு சிறு தீயில் ஊற்றினால் பிரச்சினை பெரிதும் குறைகிறது. தயிரும் திரியாது. அடியில் தோசைக்கல் வைத்தும் பார்த்தேன். பிடிக்கவே இல்லை, ஆனால் இருபது நிமிடம் கூடுதல், பசியோடு இருப்பவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. தேங்காய்ப்பாலை அணைத்த உடனே ஊற்றாதீர்கள். அணைத்த பிறகும் கிரேவி கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். அடங்கட்டும். அப்படியும் பிடித்துவிட்டால் சுரண்டாமல், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். தீய்ந்த வாடை ஏறாமல் தப்பிக்கலாம்.

ஆனால் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நேற்று வாசலில் கேஸ் சிலிண்டர் வந்தது. அவ்வளவுதான்.

கைப்பிடி இன்னொரு கதை. இரண்டாவது வருடம் ஒரு பக்கத்து ஆணி ஆட ஆரம்பித்தது. கம்பெனிக்கு எழுதினேன், மூன்று தடவை போட்டோ கேட்டார்கள், கடைசியில் கைப்பிடி உத்தரவாதத்தில் வராது என்றார்கள். கடைத்தெருவில் பாத்திரம் பழுது பார்க்கிற பெரியவர் கட்டையில் வைத்து நாலு தட்டுத் தட்டினார். ஐம்பது ரூபாய். இன்று வரை ஆடவில்லை. உள்பக்கம் ஆணித்தலையைச் சுற்றி மசாலா அடைவது மட்டும் போகவில்லை, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று அதற்கென்றே சிங்க் பக்கத்தில் கிடக்கிறது.

நண்பனுக்கு "வேண்டாம்டா, நான்ஸ்டிக்கே இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டேன். "அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடு, அரை விலை தரேன்" என்றான். "அதெல்லாம் முடியாது, அடுத்த ஞாயிறு எதுல செய்றது?" என்று கேட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பிவிட்டுப் போய்விட்டான். வாங்கியிருப்பான் என்றுதான் தோன்றுகிறது. வாங்குகிறவர்கள் கைப்பிடி ஆணி அடித்ததா, வெல்டிங் வைத்ததா என்று பார்த்து வெல்டிங் வைத்ததாகவே எடுங்கள். 26 சென்டிமீட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், 24-இல் ஒரு கிலோ கோழியைச் சிவக்க வைக்க மூன்று தவணை ஆகிறது.