கடைவீடுகளைக் காப்பதில் எது மேல்: சிங்கப்பூர் வழியா, பினாங்கு வழியா?

பழைய நகரங்களைக் காப்பது பற்றிப் பேச்செடுத்தாலே ஐரோப்பாவைக் காட்டுவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. நம்மைப் போல வெயிலும் மழையும் கடைத்தெரு நெரிசலும் உள்ள ஊர்களை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சிங்கப்பூரும், மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ்டவுனும் அப்படிப்பட்டவை. இரண்டுமே பிரிட்டிஷ்காரர்கள் வளர்த்த துறைமுகங்கள். கீழே கடை, மேலே குடித்தனம், முன்னால் ஐந்தடி நடைபாதை என்று ஒட்டி ஒட்டி நிற்கும் கடைவீடுகள் இரண்டிலும் உண்டு. மாரியம்மன் கோயிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்காவும்கூட இரண்டிலும் உண்டு.

இந்தக் கடைவீடுகள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குப் பெரிய காரணம் வாடகைக் கட்டுப்பாடு. சிங்கப்பூரில் 1947 சட்டம், மலேசியாவில் 1966 சட்டம். வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் காலி செய்வதும் கடினம். அதனால் உரிமையாளர்கள் பழுதும் பார்க்கவில்லை, இடிக்கவும் இல்லை. கூரை ஒழுகினாலும் தெரு பிழைத்திருந்தது. சொற்ப வாடகையில் தையல்காரரும் பூக்கடைக்காரரும் அங்கேயே காலம் தள்ளினார்கள்.

அதற்கு அப்புறம்தான் இரு ஊர்களின் பாதையும் பிரிகிறது.

சிங்கப்பூர் முதலில் ஆட்களை நகர்த்தியது. பழைய பகுதிகளில் பலவற்றை அரசு கையகப்படுத்தி இடித்தது. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. சைனாடவுன் தெருவோர வியாபாரிகளை 1983-இல் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த வீடுகளைக் காக்க 1986-இல் திட்டம் போட்டு, 1989 ஜூலை 7-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உட்படப் பத்துப் பகுதிகளை அரசிதழில் அறிவித்தார்கள். விதிகள் கறாரானவை. ஓட்டுக்கூரை, பக்கத்து வீட்டோடு பொதுவான சுவர், மரத்தளம், முற்றம், முகப்பு, ஜன்னல் என்று எதை வைத்திருக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது. ஊக்கமாக, கூடுதல் கட்டுமானக் கட்டணத்திலும் வாகன நிறுத்தக் கட்டணத்திலும் தளர்வு கொடுத்தார்கள். இன்று 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இந்தப் பாதுகாப்பில் இருக்கின்றன.

பினாங்கில் போதிய முன்னேற்பாடு இல்லை. வாடகைச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1997-இல் வந்தது. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். காலியான சில வீடுகளின் ஜன்னல்களை அடைத்து, பதிவு செய்த குருவிச் சத்தத்தை ஒலிக்கவிட்டு, உணவாக நல்ல விலைபோகும் கூடுகளுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தார்கள். அந்த ஈரத்திலும் எச்சத்திலும் சுவர்கள் என்ன ஆகும்? யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் இடம்பெற்றது 2008-இல்தான், அதுவும் ஒரு ஜூலை 7-இல். உயரக் கட்டுப்பாடு வந்தது, 2009 முதல் திங்க் சிட்டி என்ற அமைப்பின் வழியே பழுதுபார்க்கச் சிறு மானியங்கள் வந்தன. கூடவே விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்து விலையை மறுபடி ஏற்றின.

கட்டடத்தை மட்டும் பார்த்தால் சிங்கப்பூர்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு கடைவீட்டைத் தொடுவதற்கு முன்பே என்ன செய்யலாம், என்ன கூடாது என்று உரிமையாளருக்குத் தெரிகிறது. ஆனால் பழைய வாழ்க்கையில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று சைனாடவுன் கடைவீடுகளில் அலுவலகங்களும் மதுக்கூடங்களும்தான் அதிகம். லிட்டில் இந்தியா மட்டும் உயிரோடு இருக்கிறதே என்று கேட்கலாம். தேக்கா சந்தைக்கு மேலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சிராங்கூன் சாலையை நிறைக்கிறார்கள். பாதுகாப்பு விதிகளைவிட அவர்களுக்குத்தான் நான் நன்றி சொல்வேன்.

பினாங்கில் என்னைக் கவர்வது வேறொரு விஷயம். அங்கே கணிசமான வீடுகள் சீனக் குலச் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் வக்ஃபுக்கும் கோயில் அறக்கட்டளைக்கும் சொந்தம். வக்ஃபு, இந்து அறச் சொத்துகளைக் கவனிக்க 1906-லேயே ஒரு வாரியம் அமைத்திருக்கிறார்கள். இந்த உரிமையாளர்கள் விற்றுவிட்டுப் போக வேண்டியவர்கள் இல்லை. மனம் வைத்தால் வாடகையை மிதமாக வைத்துப் பழைய குடித்தனக்காரரையே இருக்கச் சொல்ல முடியும். எல்லோரும் அப்படிச் செய்துவிடவில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த வாய்ப்பு சிங்கப்பூர் முறையில் மிகக் குறைவு.

சரி, நமக்கு எது? தமிழ்நாடு 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. புதிய சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதாவது பினாங்கு செய்த அதே காரியத்தை, அதே அவசரத்தில், தெருக்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தராமலே செய்திருக்கிறோம். அதனால் சிங்கப்பூரின் தெருவாரியான அறிவிப்பும் எழுத்துபூர்வ விதிகளும் இங்கே உடனே வேண்டும். குடியிருப்பவர்களுக்குப் பினாங்கு வழியை எடுத்துக்கொள்ளலாம்: மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலுக்குச் சொந்தமான பழைய வீடுகளில் தொடங்கி, பழுதுபார்க்க மானியமும் நீண்டகால வாடகை ஒப்பந்தமும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.