முதியோருக்கான 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' பரிசோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்பீடு

72 வயதான என் தந்தைக்காக, சென்னையிலுள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் 1,900 ரூபாய்க்கு விற்கும் இந்தத் தொகுப்பை வாங்கினோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். மறுநாள் மாலைக்குள் அறிக்கை கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. வந்த இளைஞர், "ஐயா, கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, சுருங்கிப்போன நரம்பைப் பொறுமையாகத் தேடி ஒரே குத்தலில் எடுத்துவிட்டார். சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனையை வகுத்திருக்கும் விதத்தில்தான் குறை.

'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று இவர்கள் சொல்லும் கார்ட்டிசால், விழித்த அரை மணி முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பகல் முழுவதும் இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகத் தாழ்ந்துவிடும். வயது கூடக்கூட, நோயற்றவர்களிடமும் காலை உச்சம் முன்கூட்டியே வருகிறது. இரவில் தாழ வேண்டிய அளவு முன்புபோலத் தாழ்வதில்லை. மேலும், 'போதும், நிறுத்து' என்று ரத்தத்தின் வழியே மூளைக்குத் திரும்பும் தகவலுக்கு மூளையிலும் அதன் அடியிலும் இருந்து கார்ட்டிசால் சுரப்பை ஏவும் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் உடனே பணியாததால், ஒரு பதற்றத்தில் ஏறிய கார்ட்டிசால் இறங்கவும் நேரமாகிறது. ஆகவே முதுமையின் தடம் மாலையிலும் இரவிலும்தான் நன்றாகத் தெரியும். இந்தத் தொகுப்போ காலை எட்டரை மணி ரத்தத்தோடு வேலையை முடித்துக்கொள்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்த ஹார்மோனிடம் செல்லாது. அதிலும் என் தந்தை நாலரை மணிக்கே எழுந்துவிடுபவர். குழாயில் ஒட்டிய சீட்டில் ரத்தம் எடுத்த நேரம் இருந்ததே தவிர, விழித்த நேரத்தை எவரும் கேட்கவில்லை. ஆஸ்துமாவுக்காக அவர் பயன்படுத்தும் ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பற்றியும் படிவத்தில் கேள்வி இல்லை. அளவு கூடினால் அது உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசாலைக் குறைத்துவிடக்கூடியது.

அறிக்கையில் கார்ட்டிசால் 'இயல்பு' என்றும், டி.எச்.இ.ஏ. சல்ஃபேட் 'மிகக் குறைவு' என்று சிவப்பெழுத்திலும் இருந்தன. கார்ட்டிசாலைப் போலவே, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் இந்த இரண்டாவது ஹார்மோன், இருபதுகளில் இருந்த உச்ச அளவில் 10 முதல் 20 சதவீதமாக எழுபது, எண்பது வயதில் குறைந்துவிடுவது இயற்கை. முதியோருக்கென்றே விற்கும் தொகுப்பில் வயதுவாரி அளவைப் போடாததைக் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் அடுத்த நாளே அவர்களுடைய ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து, 'அட்ரினல் சோர்வு' என்று சொல்லி மாத்திரை டப்பா ஒன்றையும் பரிந்துரைத்தார். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் அப்படியொரு நோயை ஏற்பதில்லை.

கடும் சோர்வு, எடைக்குறைவு, தாழ்ந்த ரத்த அழுத்தம் போன்ற அறிகுறிகளைப் பார்த்து மருத்துவர் காலைக் கார்ட்டிசால் எழுதிக்கொடுத்தால், அந்த ஒரு பரிசோதனையை மட்டும் இங்கே தனியாகச் செய்துகொள்ளலாம்; அதற்கு இந்தத் தொகுப்பு தேவையில்லை.