இணைவு உலைச் சுவருக்கு எந்த உலோகம்? டங்ஸ்டன், டைட்டானியம், வனேடியம், எஃகு

மணவாளக்குறிச்சிக் கருமணலில் இல்மனைட்டும் சிர்க்கானும் கிடக்கின்றன. முதலாவது டைட்டானியத்தின் தாது, அடுத்தது சிர்க்கோனியத்தின் தாது. நம் கடற்கரை உலோகத்தை வைத்தே, லேசான அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலைக்குச் சுவர் எழுப்பலாமே என்று குமரி மாவட்டத்து மாணவருக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அங்கே எரிபொருளே டியூட்டீரியமும் ட்ரிட்டியமும், அதாவது ஹைட்ரஜனின் அண்ணன் தம்பிகள். சுவர் அவற்றோடு எப்படிப் பழகுகிறது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

டைட்டானியமும் சிர்க்கோனியமும் ஹைட்ரஜனை விழுங்கும்போது வெப்பத்தை வெளிவிடும். சூட்டில் கரைந்து கிடந்தது, உலையை நிறுத்திக் குளிரவைத்ததும் ஹைட்ரைடு (உலோகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்) தகடுகளாகப் படியும். ஹைட்ரைடு மூல உலோகத்தைவிடச் சுமார் 17 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதல் இடம் பிடிக்கும், தானும் எளிதில் நொறுங்கும். சாதாரண ‘கிரேடு 2’ வகை டைட்டானியத்துக்கே ஹைட்ரஜன் வரம்பு 0.015 சதவீதம். உலைக்குள் கொதிக்கும் மின்னூட்ட வாயுவான பிளாஸ்மாவின் முன் நிறுத்தினால் அந்த வரம்பைக் காப்பாற்ற வழியில்லை.

வனேடியத்தில் 4 சதவீதம் குரோமியமும் 4 சதவீதம் டைட்டானியமும் சேர்த்த கலவை சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை வலுவாக நிற்கும். ஆனாலும் ஹைட்ரஜன் விஷயத்தில் இதே சாதிதான்.

டங்ஸ்டன் நேர் எதிர். ஒரு ஹைட்ரஜன் அணுவை உள்ளே நுழைக்கச் சுமார் 1 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் செலவாகும், ஆகவே சீரான படிகத்தில் மிகக் கொஞ்சமே கரையும். உருகுநிலை 3,422 டிகிரி. சிக்கல் படிகக் குறைகளில் இருக்கிறது. இணைவில் பிறக்கும் 14.1 மெகா எலெக்ட்ரான்வோல்ட் நியூட்ரான், படிகத்தின் அணுக்களைத் தட்டிவிட்டு உண்டாக்கும் ஒவ்வொரு காலியிடமும் ஹைட்ரஜனுக்குப் பொறி, ஒன்றிலேயே பல அணுக்கள் அடையும். போதாததற்கு மேற்பரப்பில் கொப்புளம் எழும்பும்: குளச்சல் பக்கம் உப்புக்காற்று பட்ட சுவரில் பெயிண்ட் பொருமுமே, அதே தோற்றம், அளவு மட்டும் மைக்ரோமீட்டர் கணக்கு. சுமார் 600 டிகிரிக்கு மேல் கொப்புளம் பெரும்பாலும் தோன்றாது, எனவே சுவரைச் சூடாக ஓட்டுவது நல்லது.

சுவருக்குக் கார்பனை நீண்ட காலம் நம்பினார்கள். அரிக்கப்பட்ட கார்பன் ட்ரிட்டியத்தோடு சேர்ந்து மூலை முடுக்கெல்லாம் படிந்தது. இங்கிலாந்தின் ஜெட் (JET) என்ற இணைவுச் சோதனை உலையில் 2011-இல் பெரிலியச் சுவரும், வெளியேறும் வெப்பத்தையும் துகள்களையும் வாங்கும் பகுதியான டைவெர்ட்டர் டங்ஸ்டனிலும் வந்த பிறகு, சுவரில் தங்கும் எரிபொருள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

எஃகில் ஹைட்ரஜன் அதிகம் தங்காது, ஊடுருவிப் போய்விடும். 9 சதவீதக் குரோமியமும் சிறிது டங்ஸ்டனும் டான்டலமும் கொண்ட, கதிரியக்கம் சீக்கிரம் தணியும் எஃகைக் கல்பாக்கத்திலும் உருவாக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 550 டிகிரி வரை பயன்படும். குளிர்விப்பானுக்குள் ட்ரிட்டியம் கசியாமலிருக்க அலுமினா போன்ற பூச்சு வேண்டும். பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தாலே காப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆகவே முகத்துக்கு டங்ஸ்டன், உடம்புக்கு இந்த எஃகு என்பதே எங்கள் தேர்வு.

மாதிரிகளை ஒப்பிட்டுச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டங்ஸ்டனை மெருகேற்றும்போதே மேற்பரப்பு நசுங்கிப் புதுப் பொறிகள் உண்டாகும். வெற்றிட உலையில் 900 முதல் 1,000 டிகிரியில் பதப்படுத்திய பிறகே டியூட்டீரியம் ஏற்றுங்கள். சூடேற்றி வெளிவரும் வாயுவை, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரிக்கும் நிறைமானியில் எண்ணும்போது, இரண்டு டியூட்டீரியம் சேர்ந்த நிறை 4-ஐ மட்டும் பார்த்தால் கணக்கு குறையும், சாதாரண ஹைட்ரஜனோடு இணைந்து வரும் நிறை 3-ஐயும் கூட்டவேண்டும். ஹீலியமும் 4-இலேயே வரும் என்பதை மறக்கக்கூடாது.

சுவருக்கு ஆகாத நம் மணல் உலோகத்துக்கு ட்ரிட்டியக் கிடங்கில் வேலை இருக்கிறது. சிர்க்கோனியம்-கோபால்ட் கலவை அறை வெப்பத்திலேயே அதை உறிஞ்சிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும், சில நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் திருப்பித் தரும். ஹைட்ரஜன் அழுத்தம் தேங்கிய நிலையில் சூட்டைக் கூட்டக்கூடாது. கூட்டினால் கலவை சிர்க்கோனியம் ஹைட்ரைடாகவும் கோபால்ட் மிகுந்த இன்னொரு கலவையாகவும் பிரியும், கொள்ளளவு குறையும். வெளிவரும் வாயுவை உடனுக்குடன் பம்ப் வைத்து இழுத்துவிட்டால் இது பெருமளவு தடுபடும்.