பிலாரா, மெர்சிடஸா, டொலோரஸா?

மகளுக்குப் பெயர் தேடியதில் கடைசியாக எஞ்சியவை மூன்று ஸ்பானியப் பெயர்கள். டொலோரஸ், மெர்சிடஸ், பிலார். மூன்றுமே மரியன்னையின் பட்டப்பெயர்களிலிருந்து வந்தவை. முழுப்பெயராக எழுதினால் 'மரியா டெல் பிலார்' என்பதுபோல முன்னால் மரியா வந்து சேரும். மனைவியின் ஊர் ஸ்பெயினின் சரகோசா. பிலார் அந்த ஊர் அன்னையின் பெயர். அதைத்தான் வைத்தோம்.

டொலோரஸ் என்றால் துயரங்கள். நம் கத்தோலிக்கர்கள் வியாகுல மாதா என்று கும்பிடும் அதே அன்னை. லோலா என்ற செல்லப்பெயர் துள்ளலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிறந்த குழந்தைக்குத் துயரத்தைப் பெயராக வைக்க மனம் வரவில்லை.

மெர்சிடஸ் கருணையைக் குறிக்கும் பெயர். 1218இல் பார்சிலோனாவில் பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய, சிறைப்பட்டவர்களை மீட்கும் துறவற சபையோடு சேர்ந்த பெயர். கார் ஞாபகம் வருகிறதே என்று இதை ஒதுக்க வேண்டாம். எமில் ஜெல்லினெக் என்பவரின் மகள் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள்.

முடிவைத் தீர்மானித்தது உச்சரிப்பு. பெயர் தினமும் பத்துப் பேர் வாயில் புழங்க வேண்டிய ஒன்று. மெர்சிடஸை ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'மெர்த்தேதெஸ்' என்கிறார்கள், லத்தீன் அமெரிக்காவில் 'மெர்செதெஸ்'. என் அம்மா அழைத்தால் மூன்றாவது பெயராகிவிடும். பிலாரில் அந்தத் தொல்லையே இல்லை. 'லா'வைச் சற்று அழுத்தினால் போதும். பிலாருக்கு, பிலாரோடு என்று தமிழ் வேற்றுமையும் தடங்கலின்றி ஒட்டிக்கொள்கிறது. அங்கே செல்லமாக 'பிலி' என்பார்கள். முதலெழுத்தை அழுத்திச் சொல்வதால் நம் காதில் 'பீலி' என்றே விழுகிறது. மயில்தோகை! அப்பாவுக்கு உடனே 'பீலிபெய் சாகாடும்' குறள் நினைவுக்கு வந்தது.

பெயரின் பொருள் தூண். கி.பி. 40இல் எப்ரோ ஆற்றங்கரையில் திருத்தூதர் யாக்கோபுக்கு மரியன்னை ஒரு தூணின்மேல் காட்சி தந்தார் என்பது மரபு. சரகோசா பேராலயத்தில் அந்தத் தூணை உலோகத் தகட்டால் மூடியிருக்கிறார்கள். பின்புறம் மட்டும் ஒரு சிறு திறப்பு. வரிசையில் நின்று குனிந்து முத்தமிடுகிறார்கள். முத்தம் பட்டுப் பட்டுக் கல் குழிந்திருக்கிறது. அக்டோபர் 12 திருவிழாவில் அரகோன் வட்டார உடையணிந்த மக்கள் கொண்டுவரும் மலர்கள் அன்னையின் பெரிய மேலாடையாக உயர்கின்றன.

ஒரு குறை உண்டு. இன்று ஸ்பெயினில் பிலார் என்றால் பெரும்பாலும் பாட்டிமார்தான். வகுப்பில் லூசியாக்கள் நடுவே அது எப்படி ஒலிக்கும் என்பதை, பள்ளிக்குப் போன பிறகு மகள்தான் சொல்ல வேண்டும்.