ஆர்டிஎக்ஸ் 3080: வோல்டேஜை இறக்கினால் கிளாக் நிலையாக நிற்கிறது

கிராஃபிக்ஸ் கார்டில் வோல்டேஜைக் கூட்டினால் கிளாக் (சிப் ஓடும் வேகம்) ஏறும் என்பது என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் 1060 காலத்துக் கணக்கு. அதிலும் லாபம் கொஞ்சம்தான்: கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் வோல்டேஜ் ஸ்லைடரை முழுக்கத் தள்ளினால் 1.062 வோல்ட் 1.093 ஆகும், கிளாக்கில் ஒன்றிரண்டு படி கிடைக்கும். 3080 வேறு ரகம். இதைக் கட்டிப்போடுவது 320 வாட் பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பு.

கார்டைக் கண்காணிக்கும் ஜிபியு-இசட் மென்பொருளில் பெர்ஃப்கேப் ரீசன் (வேகத்தைத் தடுப்பது எது) வரியைப் பாருங்கள். 4கே கேம் ஓடும்போது அங்கே 'பவர்' என்றே நின்றால், கூடுதல் வோல்டேஜ் கிளாக்கைக் கீழேதான் இழுக்கும். கோர் (கார்டின் முதன்மைச் சிப்) தின்னும் வாட் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறுவதுதான் காரணம். அதே கிளாக்கில் 1.05 வோல்ட்டை 0.9-க்கு இறக்கினால் கோரின் செலவு கால்பங்குக்கு மேல் குறையும். மொத்த கார்டில் அவ்வளவு மிச்சம் தெரியாது. மெமரி, விசிறி, விஆர்எம் (வோல்டேஜைச் சீராக்கும் சுற்று) ஆகியவற்றின் பங்கு தனி.

செய்முறை: முதலில் பத்து நிமிடம் கேம் ஓட்டிக் கார்டைச் சூடாக்குங்கள். ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை -250 வைத்து அப்ளை. கன்ட்ரோல் + எஃப் அடித்தால், எந்த வோல்டேஜுக்கு எந்த கிளாக் என்று காட்டும் கர்வ் திறக்கும். 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் 1890 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி மறுபடி அப்ளை. வலப்பக்கப் புள்ளிகள் தாமாகவே ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

சூடாக்காமல் செய்தால் என்ன ஆகும்? வெப்பம் ஏற ஏற கிளாக் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக இறங்கும். 35 டிகிரியில் வைத்த 1890, 65 டிகிரியில் 1875 அல்லது 1860 என்று காட்டும். தலைகீழாகவும் நடக்கும். கொதிக்கும் அறையில் அளவெடுத்து வைத்தது, மழைக்காலக் காலையில் ஒரு படி மேலே ஏறி நின்று கேமைக் கவிழ்க்கும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய செட்டிங் திடீரென்று மக்கர் செய்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்த சந்தேகம் ரே ட்ரேசிங் (ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரைவது). பழைய கேம்களில் அசையாமல் நின்ற கர்வ், ரே ட்ரேசிங் கேமில் ஐந்தே நிமிடத்தில் டெஸ்க்டாப்புக்குத் தள்ளும். விண்டோஸ் இவென்ட் வியூவரில் 4101 பதிவாகியிருந்தால் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது வோல்டேஜைத் தொடாமல் கிளாக்கை ஒரு படி, அதாவது 15, குறைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓடி முடிந்ததை வைத்து 'ஸ்டேபிள்' என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஒற்றைப் புள்ளியைத் தூக்கும் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. அதற்கு இடப்பக்கம் உள்ள புள்ளிகள் பள்ளத்தில் கிடப்பதால், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'எஃபெக்டிவ் கிளாக்' (உண்மையில் கிடைக்கும் வேகம்) காட்டும் எண், திரையில் தெரியும் 1890-ஐவிடக் குறைவாக இருக்கலாம். அந்த இடைவெளி பெரிதாக இருந்தால், முழுக் கர்வையும் ஸ்லைடரால் மேலேற்றிவிட்டு, 900-க்கு வலப்பக்கத்தை மட்டும் தட்டையாக்குங்கள். வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் கேமில் நொடிக்குக் கிடைக்கும் ஃப்ரேம் கூடும்.

மெமரிக்குத் தனி எச்சரிக்கை: இந்தக் கார்டின் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும். அளவுக்குக் கொஞ்சம் மீறி ஏற்றினாலும் திரையில் புள்ளி, கோடு எதுவும் பெரும்பாலும் வராது. ஃப்ரேம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். 100, 100 மெகாஹெர்ட்ஸாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பெஞ்ச்மார்க் ஸ்கோரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கோர் இறங்கத் தொடங்கியதும் இரண்டு படி பின்வாங்கினால் போதும்.