பதிவேடா, கல்லறைக் கல்லா?

இங்கிலாந்தில் மூதாதையரைத் தேடுகிறவர் முதலில் எதைப் பார்ப்பது? என் ஓட்டு தேவாலயப் பதிவேட்டுக்கே.

1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவிலிருந்து ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கத் தொடங்கினார்கள். பண்ணைக் கூலியின் பெயரும் அதில் இருக்கும். கல் நட அவன் குடும்பத்திடம் காசு ஏது? ஆனால் பழைய பதிவுகள் ரொம்பச் சிக்கனம். 'ஜான், வில்லியமின் மகன்', அவ்வளவுதான்; தாயின் பெயர்கூடப் பல இடங்களில் இருக்காது. அடக்கப் பதிவில் வயதுக்கென்று ஒரு கட்டம் 1813-ல் வந்த அச்சுப் படிவத்தில்தான் கிடைத்தது. இன்னொரு பொறியும் உண்டு: 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1720 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1721.

கல்லோ, வாய் திறந்தால் உறவு முறையையே சொல்லிவிடும். கணவன், கீழே 'மேற்படியாரின் கைம்பெண்', அதற்கும் கீழே சின்ன வயதில் போன பிள்ளைகள். பதிவேட்டில் பல பக்கங்களில் சிதறிக் கிடப்பவர்கள் இங்கே ஒன்றாகப் படுத்திருப்பார்கள். லெஸ்டர்ஷயரின் ஸ்லேட் கல்லில் 18-ம் நூற்றாண்டு எழுத்தும் நேற்று வெட்டியது போலத் தெரியும். மணற்கல் என்றால் பொரிந்து உதிர்ந்திருக்கும். கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகத் திருப்பிப் படியுங்கள். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம்.

சரி, பதிவேடே தொலைந்திருந்தால்? ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகல்கள் உண்டு. கவுண்டி ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.