ஆன்லைனில் வாங்கினால் விற்பனை வரியை யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் 45 மாநிலங்கள் விற்பனை வரி வாங்குகின்றன. கடையில் வாங்கினால் வரி பில்லிலேயே வந்துவிடும். ஆன்லைனில் வாங்கினால் அதை வாங்கியவரிடம் கேட்பதா, விற்றவரிடமா, நடுவில் நிற்கும் தளத்திடமா? மாநிலங்கள் மூன்றையும் முயன்று பார்த்துவிட்டன.

வாங்கியவரிடம் கேட்பது பழைய வழி. 'யூஸ் டாக்ஸ்' என்று பெயர். பல மாநிலங்களின் வருமான வரிப் படிவத்தில் இதற்கென ஒரு கட்டமே இருக்கிறது. போன ஜூலையில் வாங்கிய செருப்புக்கு ஏப்ரலில் உட்கார்ந்து யார் கணக்குப் பார்ப்பார்கள்? நேர்மையாகக் கட்டுபவருக்கு மட்டும் சுமை. இது வழியே இல்லை.

விற்றவரிடம் கேட்க, உச்ச நீதிமன்றத்தின் 1992-ஆம் ஆண்டு குவில் தீர்ப்பு தடையாக இருந்தது. மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இருந்தால்தான் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்றது. 2018 ஜூன் 21-ல் வேஃபேர் என்ற ஆன்லைன் விற்பனை நிறுவனத்தின் மீது தெற்கு டகோட்டா மாநிலம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை மாற்றியது. அந்த மாநிலத்துக்குள் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் அல்லது 200 முறை விற்றால் வெளியூர்க்காரரும் வரி வசூலிக்க வேண்டும் என்பது அது வைத்திருந்த வரம்பு. பல மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அந்த 200 தான் கொடுமை. 10 டாலர் தோடு 200 ஜோடி விற்றால் மொத்தமே 2,000 டாலர். அதற்கு இன்னொரு மாநிலத்தில் பதிவு, கணக்குத் தாக்கல் எல்லாம் வேண்டும். தெற்கு டகோட்டாவே 2023-ல் அதை நீக்கிவிட்டது. இன்னும் வைத்திருக்கும் மாநிலங்களும் நீக்க வேண்டும்.

அப்புறம் எது மிட்டாய், எது உணவு என்ற சிக்கல்; இரண்டுக்கும் வரி ஒன்றாக இருக்காது. பல மாநிலங்களில் கோதுமை மாவு சேர்ந்திருந்தால் சட்டப்படி அது மிட்டாய் இல்லை. அதனால் கிட்கேட் உணவு, வெறும் சாக்லேட் கட்டி மிட்டாய். வீட்டிலிருந்து பார்சல் அனுப்புபவர் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்?

அமேசான், எட்ஸி போன்ற தளங்களே வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது மூன்றாவது வழி. மூன்றிலும் இதுவே சிறந்தது என்பேன். சிறு விற்பனையாளருக்குத் தலைவலி இல்லை, மாநிலத்துக்கும் சில பெரிய நிறுவனங்களைக் கவனித்தால் போதும். ஆனால் சொந்த இணையதளத்தில் விற்பவர் இதில் சேரமாட்டார்.

அவருக்குத்தான் ஒரே விகிதம் உதவும். அலபாமாவும் டெக்ஸாஸும் வெளிமாநில விற்பனையாளருக்கு, ஊருக்கு ஊர் விகிதம் தேடாமல் மொத்தமாக 8 சதவீதம் வாங்கிக் கட்ட வழி வைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. அலபாமாவில் பெரிய தளங்களுக்கும் அந்த 8 தான். அங்குள்ள பர்மிங்ஹாம் நகரக் கடைக்காரர் 10 சதவீதம் வாங்க வேண்டியிருக்க, பக்கத்து வீட்டுக்கு வரும் ஆன்லைன் பார்சலுக்கு 2 சதவீதம் குறைவு. டெக்ஸாஸில் தளங்கள் அந்தந்த ஊர் விகிதத்தையே போட வேண்டும். ஒரே விகிதம் நேரடியாக விற்கும் வெளிமாநிலத்தாருக்கு மட்டும். கடையில் உச்சமே 8.25 என்பதால் உள்ளூர்க்காரருக்குக் கால் சதவீதத்துக்கு மேல் பாதகம் வராது. மற்ற மாநிலங்கள் டெக்ஸாஸைத்தான் பின்பற்ற வேண்டும்.